பிச்சாண்டி மேஸ்திரியின் மூன்றாம் மாடி

இதில் ஒரு சொல் பொய்யில்லை. பொய்யென்றால் எழுதிய கை விளங்காமல் போகட்டும். சாப்பிடுகிற கையும் அதுதான்.

அவர் மூன்றாம் மாடியின் கடைசிக் கல்லை வைத்து அழுத்தினார்.

டக்.

அந்தச் சத்தம் கேட்டால் போதும். முழங்காலைப் பிடித்துக்கொண்டாவது அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்துவிடுவாள்.

சாப்பாட்டு மேசையில் ஒரு பச்சை பேஸ்பிளேட், பொம்மைக் கற்களைப் பொருத்தும் அடித்தட்டு. அதன் மேல் பிளாஸ்டிக் கற்களால் எழும்பிக்கொண்டிருந்தது, அவர் ஓய்வு பெற்ற கையோடு இருவரும் பதிவு செய்த அடுக்குமாடி. அதில் அவர்களுடையது மூன்றாம் மாடி. கிழக்குப் பார்த்த வீடு.

கட்டடம் நடக்கும் இடம் ஊருக்கு வெளியே. இரண்டு பஸ் மாறி, அப்புறம் நடக்க வேண்டும். அவள் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் மட்டும் போவார். பார்ப்பார். வந்து, பார்த்த அளவுக்கு இங்கே கட்டிக் காட்டுவார்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். எந்த வீட்டிலும் விட்டதில்லை. கல்யாணப் போட்டோவுக்கு பீரோவின் மேல் சாய்ந்தபடியே வயதாகிவிட்டது.

சொந்தச் சுவரில் ஒரே ஓர் ஆணி. அவள் கேட்டது அவ்வளவுதான்.

கற்கள் ஆன்லைனில் வந்தவை. பேர்பெற்ற கம்பெனியின் பெட்டி விற்கிற விலைக்கு ஒரு நிஜக் கதவே போட்டுவிடலாம். அவர் வாங்கியது பெயரே இல்லாத கம்பெனி. அட்டையில் படம்கூடக் கிடையாது. பேஸ்பிளேட் வந்தபோது அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. அரிசி டிரம்முக்கு அடியில் வைத்து எடுத்தார். நேரானது என்றால் அப்படியொரு நேர். வருஷக்கணக்காக ஆடிக்கொண்டிருந்த மேசையே அதைப் பார்த்து ஆட்டத்தை நிறுத்திவிட்டது.

கல்லுக்குக் கல் என்ன பிடி. இரண்டாம் மாடியில் ஒரு பல்லி வாலை மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தது. வாலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

பொம்மை மனிதர்கள் தனிப் பையில் வந்தார்கள். தலை வேறு, கால் வேறு. யார் வருவார்களென்று கேட்கக்கூடாது, கலந்துதான் அனுப்புவோம் என்று விற்றவன் முன்பே போட்டிருந்தான். ஒற்றைக் கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிய கடற்கொள்ளைக்காரன் வந்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் தலையை வைத்த விண்வெளி வீரன் வந்தான்.

கொள்ளைக்காரனை எடுத்துச் சுவர் மேல் நிறுத்தினார்.

"இவர்தான் பிச்சாண்டி மேஸ்திரி."

"ஒரு கண்ணுதானா?"

"அதனாலதான் சுவர் நேரா வருது. மத்தவங்க தூக்குக்குண்டு பாக்க ஒரு கண்ண மூடணும். இவருக்கு அந்த வேலை மிச்சம்."

"அந்தக் கூண்டுக்காரரு?"

"எலக்ட்ரீஷியன். ஏணி கேக்கவே மாட்டாரு."

முழங்கால் வலி வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அவர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். இதற்காக இன்னும் எத்தனை மாடி வேண்டுமானாலும் எழுப்பலாம் என்று தோன்றியது. இறக்குவது மட்டும் ஆகாது.

ஒரு மாதம், சமையலறைக்கு ஜன்னல் இல்லையே என்றாள். அவர் போய்வந்தார். சுவரைப் பிரித்து ஜன்னல் வைத்தார்.

"சொன்னதும் வெச்சிட்டாரா?"

"நீ சொன்னன்னு சொன்னேன். மறுபேச்சு பேசல."

அதிலிருந்து அவள் மேஸ்திரிக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்து அனுப்புவாள். டப்பா வெறுமையாகத் திரும்பும். ஒரு துணுக்கு மிஞ்சியிருக்காது.

"கட்டட ஆளுங்களுக்குப் பசி ஜாஸ்தி" என்பார்.

அவர் வேட்டியை அவள்தான் துவைப்பாள். அதில் ஒருநாளும் சிமெண்ட் பட்டதில்லை. ஓரமெல்லாம் ஒட்டுப்புல்.

"இப்பல்லாம் புது முறை. தூசியே பறக்காது."

அவள் ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள்.

இப்போது மூன்றாம் மாடி முடிந்துவிட்டது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தங்கள் வீட்டுச் சுவரை விரல் நுனியால் தடவினாள். மிச்சம் கிடந்த கற்களில் சின்னதாய் வெள்ளையாய் ஒன்றைப் பொறுக்கினாள். பேனாவால் அதில் இரண்டு புள்ளி வைத்தாள். ஒரு புள்ளிக்கு மீசை.

சுவரில் வைத்து அழுத்தினாள்.

டக்.

"ஆணியே வேண்டாம் போல" என்றாள். "நல்ல கம்பெனிங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மேஸ்திரி மட்டும் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு அவர் கிளம்பும்போது பை கனத்தது. முறுக்கு டப்பாவுக்கு மேலே, ஈரத்துணியில் சுற்றிய ஒரு கட்டு அகத்திக்கீரை.

"இது யாருக்கு?"

"பிச்சாண்டிக்கும் அவர் ஆளுங்களுக்கும்தான். எப்பவும் முறுக்கையே தின்னா வயிறு என்னத்துக்காகும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். அவள் மேசைக்குப் போய், மேஸ்திரியின் சாய்ந்திருந்த தொப்பியை நேராக்கினாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"கட்ட அவுத்துப் போடுங்க. கயிறு தொண்டைல மாட்டிக்கப் போவுது."

அந்த மனையில் இன்றுவரை இருப்பது, வெயிலில் வெளுத்த ஒரு விளம்பரத் தட்டியும் அதன் நிழலில் படுத்துக்கிடக்கும் ஆடுகளும்.