துவக்குக்கு முந்திய கேள்வி

டொக்டர் கேட்டது ஸைனுலாப்தீனுக்கு உடனேயே விளங்கிவிட்டது.

விளங்காதவர் போல மகளின் முகத்தைப் பார்த்தார்.

கேள்வி சிங்களத்தில் வந்திருந்தது. டொக்டருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கிற தாதிக்கு அன்று லீவு. அதனால் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த மகள் அசனாவையே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவள் கந்தளாயில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க அவளுக்குச் சிங்களம்தான்.

இங்கே பேசுவது எதுவும் இந்த அறையைத் தாண்டாது என்று டொக்டர் முதலிலேயே உறுதி சொன்னார். அந்த உறுதியையும் அசனாதான் தமிழில் சொன்னாள்.

வாப்பாவுக்குச் சிங்களம் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன் திருகோணமலைத் துறைமுகத்தில் மா மூட்டை இறக்கித் திரிந்த காலத்தில், கூட வேலை செய்தவர்களிடம் பழகிய சிங்களம் அது. பிறகு நாட்டில் சண்டை வந்தது. சோதனைச் சாவடியில் மொழி விளங்காமல் முழிக்கிறவனிடம் கேள்விகள் குறைவு. அப்படி நின்று நின்று பழகிப்போய், வீட்டிலும் அதைச் சொல்லாமலே விட்டுவிட்டார்.

மூதூர்ப் பக்கத்தில் அவர்களுடைய வயலில் ஒவ்வொரு போகமும் பன்றி இறங்கியது. போன போகம் யானையும் வந்தது. வயல்காரர்கள் கூடிக் கதைத்து, சுட்டு விரட்ட ஒரு துவக்கு எடுப்பது, அதன் லைசன்ஸ் ஸைனுலாப்தீனின் பெயரில் இருப்பது என்று முடிவெடுத்தார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர். நிதானமான மனிதர். மனைவி போன பிறகு காவலுக்கு வயல் வாடிக் குடிசையில் தனியே படுக்கிறவரும் அவர்தான். அவரிடம் துவக்கு இருந்தால் யாருக்கும் பயமில்லை என்றார்கள்.

மறுப்பதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. வெளியே சொல்லக்கூடிய காரணம்தான் இல்லை.

கிராம சேவகர் நல்லபடியாக எழுதிக் கொடுத்தார். பொலிஸும் விசாரித்துவிட்டுப் போனது. மனநலச் சான்றிதழ் மட்டும்தான் மிச்சம்.

முதலில் வந்த கேள்விகள் லேசானவை. குடிப்பாரா, யாரோடாவது பகை உண்டா, கோபம் வந்தால் என்ன செய்வார். அசனா கூட்டாமல் குறைக்காமல் கேட்டாள். அவரும் சொன்னார்.

இப்போது கேட்டது வேறு. எப்போதாவது தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள முயன்றதுண்டா?

அசனா வாப்பாவின் பக்கம் திரும்பினாள்.

பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து அது வரப்போவதை எண்ணி அவருக்குக் காது இரண்டும் சுட்டன. அந்தப் பாவத்தைப் பற்றிப் பள்ளிவாசலில் பயான் நடக்கும்போதெல்லாம் முன்வரிசையில் இருந்து தலையாட்டியவர் அவர்.

“வாப்பா, வயல்ல தனியப் படுக்கப் பயமா எண்டு கேக்கிறாரு.”

அவருக்கு மூச்சு வந்தது. இல்லை என்றார்.

இல்லையாம் என்று அவள் டொக்டரிடம் சிங்களத்தில் சொன்னாள். அந்தச் சின்னச் சொல்லிலும் அவள் நாக்குத் தடுக்கியது.

பிள்ளைக்கு வெட்கம், அதுதான் மாற்றிக் கேட்டுவிட்டாள் என்று அவர் நினைத்தார். எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்றும் நினைத்தார். நினைத்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

டொக்டர் பேனையை எடுத்தார்.

ஒரு கையெழுத்து. அதோடு சரி. ஊருக்குப் போகலாம். துவக்கு வரும். வாடியில், பாய்க்குப் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில் இருக்கும். விடியும்வரை அங்கே அவரையும் அதையும் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

ஸைனுலாப்தீன் கதிரையில் முன்னால் நகர்ந்தார். டொக்டரின் முகத்தைப் பார்த்து, நல்ல சிங்களத்தில், முயன்றதுண்டு என்றார். மனைவி மௌத்தான வருஷம். ஒரு தரம் மட்டும். யாருக்கும் தெரியாது.

பேனை நின்றது.

மகளின் பக்கம் திரும்ப அவருக்குத் துணிவில்லை. இத்தனை வருஷம் ஒளித்த மொழியும் அந்த மொழியில் சொன்னதும் ஒன்றாகவே வெளியே வந்து விழுந்து கிடந்தன.

டொக்டர் சான்றிதழை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். இப்போது அவரிடமே நேராகப் பேசினார். இதில் கையெழுத்துப் போட ஏலாது, காரணத்தை எங்கேயும் எழுதமாட்டேன், அடுத்த கிழமை கிளினிக்குக்குக் கட்டாயம் வாருங்கள் என்றார். சொன்னதைத் தணிந்த குரலில், அவசரமில்லாமல் சொன்னார்.

எழுதாவிட்டாலும் வயல்காரர்கள் கேட்பார்கள். கேட்காவிட்டால் தாங்களாகவே ஒன்றை நினைத்துக்கொள்வார்கள். ஜும்ஆவுக்கு எந்த வரிசையில் போய் இருப்பது? அவர் நிலத்தைப் பார்த்தபடி சரி என்று தலையசைத்தார்.

அசனாவின் கை அவருடைய முழங்கையைப் பிடித்தது.

டொக்டருக்கு விளங்காத தமிழில், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“ஒரு தரமில்ல வாப்பா, ரெண்டு. எனக்குத் தெரியும். எனக்குத்தான் அதக் கேக்க ஏலாமப் போச்சு.”

இரண்டாவதை அவர் தனக்குத் தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

மகள் என்ன சொல்கிறாள் என்று டொக்டர் கேட்டார்.

அசனா மொழிபெயர்க்கவில்லை. வாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலையை நிமிர்த்தாமல், அவரே அதைச் சிங்களத்தில் சொன்னார்.