பார்க்காதவர்கள்

"அந்தப் பொம்பள யாரு பரத்து? அத மொதல்ல சொல்லு," என்றாள் கெங்கம்மாள் அத்தை.

அவளுடைய அண்ணன், பரத்தின் அப்பா துலுக்கானத்துக்குப் பால் தெளித்துவிட்டு அப்போதுதான் சுடுகாட்டிலிருந்து வந்திருந்தார்கள்.

பரத்துக்குத் தெரியவில்லை. அவன் இருப்பது அம்பத்தூரில். அம்மா இறந்த பிறகு மூன்று வருடமாக அப்பா கோவில்பதாகை வீட்டில் தனியாகத்தான் இருந்தார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது என்றார் டாக்டர். முதலில் பார்த்தவள் வெள்ளானூரிலிருந்து பஸ் பிடித்து வந்த அந்தப் பெண், பார்வதம். அக்கம்பக்கத்தைக் கூட்டிக் கதவை உடைக்கச் சொன்னதும் அவள்தான். எழவு வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டு, சொல்லாமல் போய்விட்டாள்.

"காலங்காத்தால எட்டு மணிக்கு இந்த ஊட்ல அதுக்கு இன்னா வேல?" அத்தை விடுவதாக இல்லை.

"நானும் கேட்டேன் அத்தே," என்றாள் பரத்தின் மனைவி ஜெயப்பிரியா. "'படம் வர்ல, அதான் வந்தேன்'னு சொல்லுது. இன்னா படமோ."

"அண்ணி போயி மூணு வருசந்தான் ஆவுது..." அத்தை அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பரத் அப்பாவின் போனை எடுத்தான். பூட்டு எதுவும் போட்டிருக்கவில்லை. பார்வதத்துக்கு வாட்ஸ்அப்பில் தினமும் காலை ஐந்தரை மணிக்கு ஒரு படம் போயிருந்தது. ரோஜாப்பூ. கீழே 'காலை வணக்கம்'. அப்பா இறந்த நாளுக்கு முன்பு வரை ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"ரோசாவா?" என்றாள் அத்தை.

"இது எனக்குந்தான் வரும்," என்றான் பரத்.

வரும் என்பது உண்மைதான். காலைத் தூக்கம் கெடுகிறதென்று இரண்டு வருடத்துக்கு முன்பே அப்பாவை மியூட்டில் போட்டுவிட்டான்.

டிவிக்குப் பக்கத்தில் அப்பாவின் டைரி இருந்தது. ஜெயப்பிரியா புரட்டினாள்.

"முப்பது பேருக்கு அனுப்பிகினு இருந்துகீறாரு. யாரு பாத்தாங்க, யாரு பாக்கலன்னு தெனமும் எழுதி வேற வெச்சிகீறாரு. பாக்காதவங்க பேர்ல வட்டம். ரிட்டயர்டு ஆயிட்டா பொழுது போவாது போல."

முப்பது பேர் என்றதும் அத்தைக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

பரத் டைரியை வாங்கிப் பார்த்தான். வட்டம் போட்ட பெயர்களுக்கு எதிரே அப்பா பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தார்.

'கன்னியப்பன் - பாக்கல. போனேன். பாத்ரூம்ல உழுந்து கெடந்தாரு. ஆஸ்பத்திரில சேத்தாச்சு.'

'முத்தம்மாள் - பாக்கல. போனேன். போன்ல சார்ஜ் இல்லியாம். நல்லா கீது.'

'பார்வதம் - பாக்கல. போனேன். ரெண்டு நாளா காய்ச்சல். கஞ்சி வாங்கி குட்தேன்.'

"கன்னியப்பன் யாரு?" என்றாள் ஜெயப்பிரியா.

"அப்பாகூட பேக்டரில வேல செஞ்சவரு. பொண்டாட்டி செத்துட்டாங்க. ஒத்தையா கீறாரு."

"முத்தம்மா தெருமொனைல இட்லி சுட்டு வித்தவ," என்றாள் அத்தை. குரல் இறங்கியிருந்தது. "அவளும் ஒத்தைதான். புள்ள துபாய்ல கீறான்."

ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு போனார்கள். தெரிந்த பெயர்கள் எல்லாமே வீட்டில் ஒற்றை ஆளாக இருப்பவர்களுடையவை.

பரத் மறுபடியும் போனைப் பார்த்தான். முந்தின நாள் காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் பதினேழு மிஸ்டு கால்கள். பார்வதத்தின் பெயரில் மட்டும் ஐந்து.

அவனுடைய பெயர் அதில் இல்லை.

"அந்தம்மா நம்பர் கீதில்ல? பதினாறாம் நாளுக்கு வரச் சொல்லு," என்றாள் அத்தை.

பரத் டைரியில் கடைசிப் பெயருக்கு வந்திருந்தான். அது அவனுடைய பெயர். அந்த முப்பது பேரில் ஒற்றையாக இல்லாத ஒரே ஆள்.

எல்லாப் பக்கத்திலும் அவன் பெயருக்கு வட்டம் இருந்தது. எதிரே, எல்லாப் பக்கத்திலும் ஒரே வரி.

'பாக்கல. ஆனா ஆன்லைன்ல கீறான். நல்லா கீறான்.'