எலுமிச்சம்பழத்துக்குக் கொடுத்த வேலை

கிடங்கில் எல்லோரும் கூடி ஃபோர்க்லிஃப்ட்டுக்குப் பூஜை போட்டார்கள். பெரிய மாலையாகச் சாத்தி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

பின்சக்கரத்தடியில் இருந்த எலுமிச்சம்பழம் கேட்டது: "இன்னிக்கு ஆயுத பூஜைகூட இல்லையே, எதுக்கு இதெல்லாம்?"

"போன வாரம் நான் பின்னால வந்தப்போ தனக்கொடியோட கால் என் சக்கரத்துல மாட்டிக்கிச்சு," என்றது ஃபோர்க்லிஃப்ட். "பாவம், கீழே உட்கார்ந்து பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டிருந்த பொண்ணு. முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டாங்க. எல்லாம் திருஷ்டின்னு பேசிக்கிறாங்க."

"நீ பின்னால வந்தா சத்தம் கேட்குமே?"

"கத்துறது என் வேலை," என்றது ரிவர்ஸ் ஹாரன். "மேனேஜரால போன் பேச முடியலைன்னு என் வயரைப் பிடுங்கி விட்டுட்டாங்க."

"இப்பவாவது மாட்டினாங்களா?"

"இல்ல. அதுக்குத்தான் உன்னை வெச்சிருக்காங்க."

டிரைவர் கும்பிட்டுவிட்டு ஏறி ரிவர்ஸ் போட்டார். பக்கக் கண்ணாடியை மாலை மறைத்திருந்தது. பின்னால், தனக்கொடியின் இடத்துக்குப் புதிதாக வந்த செல்லக்கிளி முதுகைக் காட்டிக் குனிந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

எலுமிச்சம்பழம் தன்னால் முடிந்தவரை சத்தமாக நசுங்கியது.