மாமியாரின் பெஞ்சு

மார்ச் 11. ஒரு சிறிய தவறு. நேற்று மாமியார் முன்னால் வேர்க்கடலை தின்றேன்.

எழுதியதைப் படித்துப் பார்த்தான். 'சிறிய' என்ற சொல்லை அடித்தான். இப்போது தவறு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. அடித்த இடத்துக்கு மேலேயே மறுபடி 'சிறிய' என்று எழுதினான்.

பெரியவர்களுக்கான மாலை வகுப்புக்கு இன்னும் யாரும் வரவில்லை.

உண்மையில் அவர் அவனுடைய மாமியார் அல்ல. போன வாரம் கல்யாணம் ஆனது அண்ணன் போத்துக்கு. ஆனால் போத்தும் அவனும் இரட்டையர். அவர்களுடைய நுவேர் இனத்தில் இரட்டையர் இருவர் அல்ல, ஒருவர். கல்யாண ஆட்டத்தில் போத் வைத்த ஒவ்வொரு அடியையும் அவனும் பக்கத்தில் நின்று வைத்தான். ஆட்டத்தோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தான்.

முடியவில்லை.

மருமகன் வாய் மெல்லுவதை மாமியார் பார்க்கக் கூடாது. ஒரு பேரப்பிள்ளையாவது பிறக்கும் வரை கூடாது.

மணப்பெண் நியாடாக்கின் அம்மா ஆற்றங்கரைச் சந்தையில் கருவாடு விற்பவர். மகள் அவனுக்கு அண்ணியாவதற்கு வெகு முன்பே, நான்கு மாதமாக, இந்தப் பெஞ்சின் மறு பாதியில் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் ஒரே புத்தகம். எழுத்து அவனுக்கு வரும். கணக்கு அவருக்கு வரும்.

பள்ளி வாசலில் அவித்த முட்டை விற்பார்கள். இரட்டையர் பறவைகளுக்கு உறவு என்பதால் அவன் முட்டையைத் தொடுவதில்லை. அதனால் அவனுக்கென்று தினமும் வேர்க்கடலை வாங்கி வருவார். “டேய் கொக்குக்காலா, பிடி” என்று சட்டைப்பையில் கொட்டுவார்.

நேற்று கல்யாணத்துக்குப் பிறகு முதல் வகுப்பு. வெறுங்கையோடு வந்தார். மறந்துவிட்டார் போல என்று அவனே வாங்கினான். வாய் நிறையப் போட்டுக்கொண்டு அவரிடமும் நீட்டினான்.

தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். எழுந்தார். போய்விட்டார்.

பின்னால் இருந்த பைக் டாக்ஸி ஓட்டும் காச் அவன் தோளைத் தட்டினான்.

“மாப்ள, மென்னு முழுங்கு. இனிமே துப்பியும் பிரயோஜனமில்ல.”

வெள்ளிக்கிழமை பரீட்சை. அடுத்தடுத்து இரண்டு நாள் வராதவர் எழுத முடியாது என்பது வாத்தியார் லாமின் சட்டம். பாதியில் எழுந்து போனாலும் வராத கணக்குதான். இன்றும் வராவிட்டால் அவருடைய நான்கு மாதம் போச்சு. அவன் வாயால் போச்சு.

இடம் மாறி உட்காரலாமா என்று யோசித்தான். ஒரே அறை. ஒரே கதவு. எங்கே உட்கார்ந்தாலும் அவர் கண்ணில் படுவான்.

நான் வகுப்பை விட்டு நின்றுகொள்கிறேன், அவர் வரட்டும் என்று காலையில் வாத்தியாரிடம் சொல்லிப் பார்த்தான். லாம் பெருமூச்சு விட்டதோடு சரி. தன் மாமியாரைக் கண்டால் சந்தையையே சுற்றிக்கொண்டு போகிறவர் அவர்.

போத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நீ தின்றதற்கு நானல்லவா தலைகுனிய வேண்டும் என்றான். நேற்றிலிருந்து மாமனார் வீட்டுப் பக்கம் அவனும் போகவில்லை.

வகுப்பு நிறைந்தது.

அவன் பக்கத்தில் மட்டும் காலி.

வாத்தியார் அவனைத்தான் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். அறுநூற்றுப் பன்னிரண்டை மூன்றால் வகுக்க வேண்டும். ஒவ்வொரு படியையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் போடுவதுதான் அவன் பழக்கம். அப்படிச் செய்தால் தவறு வராது என்று ஒரு நம்பிக்கை.

விடை இருபத்து நான்கு என்றான்.

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே, கீழேயிருந்து, ஒரு குரல் வந்தது.

“நடுவுல ஒரு சைபர் விட்டுப்போச்சு, வாத்தியாரே. அவர் எப்பவும் அங்கதான் வழுக்கி விழுவார்.”

அவர்.

அந்தக் குரல் அவனை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

காச் எட்டிப் பார்த்தான். சுவரில் முதுகைச் சாய்த்து, மண்ணில் காலை நீட்டி, அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று கையாலேயே காட்டினான்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. சைபரைப் போட்டான். கொஞ்சம் பெரிதாகவே போட்டான்.

வாத்தியார் வருகைப் பதிவேட்டை எடுத்தார். பேனா ஒரு பெயருக்கு நேரே நின்றது. ஜன்னலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

“சுவத்துக்கு அந்தப் பக்கமும் பள்ளிக்கூடம்தான்.”

டிக் போட்டார்.

அடுத்து வாசிப்பு. அவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னோக்கியே நடந்துபோய் ஜன்னல் கட்டையில் வைத்தான். ஒரு பெஞ்சில் இடித்துக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை, காச்சைத் தவிர.

ஒரு கை மேலே வந்தது. புத்தகம் இறங்கிப் போனது.

பாடம் அவனுக்கு மனப்பாடம். எதிர்ச் சுவரைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக, தேவைக்கு மேல் உரக்கச் சொன்னான். ஒவ்வொரு சொல்லும் சற்றுத் தாமதமாக வெளியிலிருந்து திரும்பி வந்தது. ஒரு சொல் மட்டும் கோணலாக வந்தது. யாரிடமும் சொல்லாததுபோல அதை மறுபடி சொன்னான்.

இம்முறை நேராக வந்தது.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. வெளியே பாவாடையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். அது சந்தைப் பக்கம் தேய்ந்து மறையும் வரை உட்கார்ந்திருந்தான்.

புத்தகம் ஜன்னல் கட்டைக்குத் திரும்பியிருந்தது. அட்டையில் செம்மண்.

அதைத் துடைத்துவிட்டு எழுதினான்:

நாளை. வகுப்புக்கு முன்பே போய் எங்கள் பெஞ்சை ஜன்னலுக்கு வெளியே போட வேண்டும். நான் தரையில் உட்காரலாம்.