வெறும் வாளி

முகாமில் கஞ்சி வாளியில் வரும். குடித்து முடித்து, கழுவி, மறுநாள் காலை வாளியைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது கிடைக்கும். நிவாரண லொறியில் வரும் அமலன் அவற்றை வாங்கிக் கவிழ்த்து அடுக்குவான். தவமலரின் வாளியிலிருந்து மட்டும் எப்போதும் ஏதாவது விழும். ஒருநாள் இரண்டு வேப்பிலை, இன்னொரு நாள் சட்டைப் பொத்தான். ஒரு பிடி மண் விழுந்த அன்று அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“கஞ்சி வாளிக்குள்ள ஆரும் மண் போடுவினமே அக்கா?”

“சாப்பாடு தந்த ஏனத்தை வெறுமையாத் திருப்பிக் குடுக்கிறேல்லைத் தம்பி. ஊரில எண்டால் சீனியோ முருங்கைக்காயோ போட்டுக் குடுப்பன். இஞ்ச என்னட்டை என்ன கிடக்கு?”

அடுத்த கிழமை அவளுடைய ஊர்ச்சனம் வந்து இறங்கியது. மறுநாள் அவள் நீட்டிய வாளிக்குள் ஏதோ உருண்டு சத்தமிட்டது. எட்டிப் பார்த்தான். கறுத்தக் கயிற்றில் கோத்த சாவி. தினமும் அவள் கழுத்தில் கண்டதுதான்.

“இது வீட்டுத் திறப்பல்லோ அக்கா?”

“ஓம். நேற்று வந்த ஆக்கள் சொல்லிச்சினம், கதவு இல்லையாம்.”

அன்றைய கஞ்சியை வாங்கிக்கொண்டு அவள் நடந்தாள். அமலன் அந்த வாளியைக் கவிழ்க்கவில்லை.