எட்டில் ஒன்று

"எட்டு பாட்டில்ல ஏழு ஒரே மாதிரி இருக்கு. ஒண்ணு மட்டும் தனியா நிக்குது. மத்தத நாளைக்கு நேர்ல வந்து சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டார் ஆயில் பரிசோதகர்.

போர்மேனுக்கு அது போதும். அந்த ஒன்று எந்த லாரி என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் மனைவியின் தம்பி ஓட்டுவதுதான்.

மணல் அள்ளும் தளம் அது. காற்றடித்தால் மூடிய சாப்பாட்டு டப்பாவுக்குள்ளேயே மணல் புகுந்துவிடும், எஞ்சின் எம்மாத்திரம்? பக்கத்துத் தளத்தில் மூன்று எஞ்சின் மணல் தின்று செத்த செய்தி வந்ததும், முதலாளி எட்டு லாரியின் ஆயிலையும் சோதனைக்கு அனுப்பினார். எந்த வண்டி ஆயிலில் மணல் இருக்கிறதோ, அதன் டிரைவர் சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்று உத்தரவு.

பாட்டிலில் வண்டி எண் வேண்டாம், பரிசோதகருக்கு மட்டும் தெரியும்படி ஒரு குறி போதும் என்று யோசனை சொன்னது போர்மேன்தான். நாளைக்கு மச்சினனை வேண்டுமென்றே மாட்டிவிட்டார் என்று ஒரு சொல் வரக் கூடாதே.

மற்ற ஏழு லாரிகளிலும் எஞ்சினுக்குள் மணல் போகாமல் தடுக்கும் ஏர் பில்டரை தினமும் மாலையில் அவரே கழற்றுவார். டயரில் ஓங்கி நாலு தட்டு தட்டி, கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் அடித்து, குளிப்பாட்டிய குழந்தையைத் துவட்டுவதுபோல் துடைத்து மாட்டுவார். தன் கை பட்டால்தான் எஞ்சின் மூச்சு விடும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. 'அந்த நினைப்ப வடிகட்ட ஒரு பில்டர் இல்லாமப் போச்சு' என்று இப்போது அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

மச்சினன் மட்டும் தன் வண்டியைத் தொட விடமாட்டான். பில்டர் டப்பாவின் மேல் ஒரு சின்னக் கண்ணாடி முகப்பு உண்டு. அடைப்பு முற்றினால் சிவப்பாகிவிடும். "இன்னும் சிவப்பாகல மாமா. அதுவரைக்கும் திறக்காதேன்னுதான் புத்தகத்துல போட்டிருக்கு" என்பான். சோம்பேறிக்குப் புத்தகம் ஒரு சாக்கு என்று போர்மேன் எல்லோர் முன்னிலும் சொல்லியிருக்கிறார்.

பாட்டில்கள் போன நாளிலிருந்து வீட்டில் மனைவி பேசவில்லை. தட்டு மட்டும் ணங்கென்று எதிரே வந்து உட்காரும். தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, வேலையும் போனால் அவன் எங்கே போவான் என்பதுதான் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம்.

மறுநாள் காலை டிரைவர்களை ஷெட்டில் நிறுத்திவைத்துப் பேசினார் போர்மேன். உறவு வேறு, எஞ்சின் வேறு என்றார். மணலுக்கு மாமனும் தெரியாது, மச்சானும் தெரியாது என்றார். இரண்டு பேர் தலையாட்டியதும் பேச்சு நன்றாக வருகிறது என்று நம்பி இன்னும் பத்து நிமிடம் இழுத்தார்.

பரிசோதகர் வந்து இறங்கினார். தனியாக நின்ற பாட்டில் எந்த வண்டியுடையது என்பதை மட்டும் முதலில் சொல்லுங்கள் என்றார் போர்மேன். பரிசோதகர் பட்டியலைப் பார்த்து எண்ணைப் படித்தார். மச்சினனின் லாரியேதான்.

மச்சினன் சாவியை மேசைமேல் வைத்தான். "அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன் மாமா. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டு, வண்டியிலிருந்த பையை எடுக்கப் போனான். நியாயம் என்றால் கசக்கத்தான் செய்யும் என்று போர்மேன் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

பில்டர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் பார்க்கட்டும் என்று, தான் துடைத்து மாட்டியதில் ஒன்றைக் கழற்றிப் பரிசோதகரிடம் நீட்டினார். பரிசோதகர் அதற்குள் ஒரு விளக்கை விட்டு மெல்லச் சுழற்றினார். காகித மடிப்புகள் டயரில் அடிபட்ட இடமெல்லாம் கிழிந்து, புள்ளி புள்ளியாக வெளிச்சம் வெளியே வந்தது. விளக்கை அணைத்துவிட்டு அறிக்கையை போர்மேன் கையில் கொடுத்தார்.

போர்மேன் ஒரு முறை படித்தார். ஒவ்வொரு எண்ணிலும் விரல் வைத்து மறுபடி படித்தார். பிறகு மேசைமேலிருந்த சாவியை எடுத்துப் போய், பையோடு வந்துகொண்டிருந்த மச்சினனின் கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"மாப்ளே, நான் கை வைக்காத வண்டி ஒண்ணுலதான் மணல் இல்ல."