அணைந்த திரைகள்

வெயில் எந்த ஜன்னல் வழியாக விழுந்தது என்பது சரியாக நினைவில்லை. விசைப்பலகைகளின் சடசடப்பு மட்டும் காதில் அப்படியே இருக்கிறது. ஒன்றைத் தவிர கணினித் திரைகள் எல்லாம் கறுத்துக் கிடக்கின்றன. பார்வையில்லாத மாணவர்கள், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைக் காதில் கேட்டபடி தட்டுகிறார்கள். அதை உருவாக்கிக் கம்பெனி தொடங்கியவள் அவர்கள் நடுவே நிற்கிறாள். அவளுக்கும் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. முதலீடு செய்ய வந்தவர் வாசலிலேயே தயங்குகிறார். “என்ன, கரண்ட் போயிடுச்சா?” கடைசி வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரிக்கிறாள். “எங்களுக்குப் போகல சார்.” அவர் சிரிக்கவில்லை. “இந்த இலவச வகுப்பை நிறுத்திடுங்க மேடம். வெளியில உங்களுக்குப் பதிலா உங்க அண்ணனே பேசட்டும். கண்ணு தெரியாதவங்க நடத்துற கம்பெனின்னா யார் நம்புவா?” அண்ணன் அவள் காதருகே குனிகிறான். “தலையாட்டிடு பாப்பா. சம்பளம் போடவே திண்டாட்டமா இருக்கு.” அவள் மேசை விளிம்பைத் தடவியபடி தன் கணினிக்குப் போகிறாள். வந்தவர் பார்க்கட்டும் என்று அண்ணன் அதன் திரையை மட்டும் போட்டு வைத்திருக்கிறான். நீல வெளிச்சம் அவள் கன்னத்தில் படிகிறது. பொத்தானைத் தேடி அணைக்கிறாள். “வகுப்பு நடக்குது சார். உக்காந்து கேளுங்க, இல்லன்னா கதவைச் சாத்திட்டுப் போங்க.” கதவு சாத்தப்படுகிறது. தட்டும் ஓசை நிற்கவேயில்லை.

அந்தப் பணம் வரவில்லை. அவளுக்குப் பார்வை முழுதும் போய்விட்டது. சிரித்தவள் இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறாள். கம்பெனி பெரிதாகவில்லை, மூடவும் இல்லை. அண்ணன் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறான். ஆனால் யார் வந்தாலும் திரையைப் போடுவதில்லை.